கட்சியும் நாற்காலியும்: இந்திரஜித் குப்தா, சோம்நாத் சட்டர்ஜி

1977 மார்ச் தேர்தல் என்றதும் ரேபரேலியில் இந்திரா காந்தி தோற்றதுதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அதே தேர்தலில் மேற்கு வங்கத்தில் இந்திய கம்யூனிஸ்ட் கட்சியின் இந்திரஜித் குப்தாவும் தோற்றார். 1960 இடைத்தேர்தலில் மக்களவைக்குள் வந்தவர், 2001 பிப்ரவரியில் இறக்கும்வரை வெளியே இருந்தது ஆறாவது மக்களவைக் காலத்தில் மட்டும்தான். அந்த 1977 தேர்தலில் ஜாதவ்பூர் தொகுதியில் சோம்நாத் சட்டர்ஜி மார்க்சிஸ்ட் வேட்பாளராக நின்று வென்றார்.

ஏழு ஆண்டு கழித்துக் கணக்கு தலைகீழானது. இந்திரா கொலைக்குப் பின் 1984 டிசம்பரில் வீசிய அனுதாப அலையில் பஸீர்ஹாட் தொகுதியில் குப்தா கரையேறிவிட்டார். ஜாதவ்பூரில் சட்டர்ஜி, அதுவரை டெல்லியில் யாரும் கேள்விப்படாத 29 வயதுப் பெண்ணிடம் தோற்றார். அந்தப் பெண் மம்தா பானர்ஜி. சட்டர்ஜி அடுத்த ஆண்டே போல்பூர் இடைத்தேர்தலில் சித்தார்த்த சங்கர் ராயைத் தோற்கடித்து அவைக்குத் திரும்பிவிட்டார். ஆனாலும் கடைசிவரை அவரைப் பற்றி எழுதியவர்கள் அந்த ஒரு தோல்வியைச் சொல்லாமல் விட்டதில்லை.

இந்த இரண்டு தோல்விகளும் ஒரே தரத்தவை அல்ல. 1984இல் சட்டர்ஜியைச் சாய்த்தது ஒரு கொலையின் துக்கம். அதில் அவர் தவறு எதுவும் இல்லை. 1977இல் குப்தா கொடுத்தது கட்சிக் கோட்டுக்கான விலை. நெருக்கடி நிலையை இந்திய கம்யூனிஸ்ட் கட்சி ஆதரித்தது. ஜோதிர்மய் பாசு போன்ற மார்க்சிஸ்ட் எம்.பி.க்கள் சிறையில் இருந்தபோது இவர்கள் ஆளுங்கட்சியோடு நின்றார்கள். 1978இல் பதிண்டாவில் கூடிய கட்சி மாநாடு அந்த நிலைப்பாடு பிழை என்று ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்ட தலைவர்களில் ஒருவராகக் குப்தாவும் இருந்தார். ஆனால் 1975, 1976இல் அவர் கட்சிக் கோட்டைத் தாண்டவில்லை.

குப்தாவையும் சட்டர்ஜியையும் ‘சிறந்த நாடாளுமன்றவாதிகள்’ என்று ஒரே மூச்சில் சொல்வது வழக்கம். அந்தப் பெயரில் தரப்படும் விருதை 1992இல் முதலில் பெற்றவர் குப்தா, 1996இல் சட்டர்ஜி. கட்சிக்குக் கட்டுப்பட்ட ஒரு மனிதர் அவைக்கும் கட்டுப்பட முடியுமா என்ற கேள்வி இருவர் வாழ்விலும் வந்தது. ஒருவருக்கு அது இளகிய வடிவில் வந்தது, மற்றவருக்குக் கழுத்தைப் பிடித்த மாதிரி வந்தது. அவர்கள் குணத்தைவிட அவரவர் கட்சியின் பருமனுக்கு இதில் பங்கு அதிகம் என்பது என் கணிப்பு.

பிறப்பும் படிப்பும் ஏறத்தாழ ஒரே அச்சு. குப்தாவின் தாத்தா பிஹாரிலால் குப்தா ஐ.சி.எஸ்., அண்ணன் ரணஜித் குப்தாவும் ஐ.சி.எஸ்.; அண்ணன் மேற்கு வங்கத்தின் தலைமைச் செயலாளராக இருந்தவர். குப்தா படித்தது டெல்லி செயின்ட் ஸ்டீபன்ஸ், பிறகு கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி. அங்கே ரஜனி பாமி தத்தின் பக்கம் ஈர்க்கப்பட்டு, கம்யூனிஸ்டாகத் திரும்பி வந்தார். சட்டர்ஜியும் கேம்பிரிட்ஜ்தான், ஜீஸஸ் கல்லூரி. மிடில் டெம்பிளில் பாரிஸ்டர் பட்டம். கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞர். குப்தாவோ ஊர் திரும்பியதும் ஹூக்ளிக் கரைச் சணல் ஆலைகளின் தொழிற்சங்கத்துக்குள் போய்விட்டார். ஏ.ஐ.டி.யு.சி.யின் பொதுச் செயலாளராக 1980 முதல் பத்தாண்டு இருந்தவர் அவர். சட்டர்ஜி எந்த ஆலை வாசலிலும் கூட்டம் பேசி வளர்ந்தவர் இல்லை. நீதிமன்றத்திலிருந்து நேரே தொகுதிக்கு வந்தவர்.

அதிலும் அந்தத் தொகுதி தந்தையுடையது. என்.சி. சட்டர்ஜி இந்து மகாசபையின் தலைவராக இருந்தவர். 1952இல் அந்தக் கட்சியின் சார்பில் மக்களவைக்கு வந்தவர். 1948இல் கம்யூனிஸ்ட் கட்சி தடைசெய்யப்பட்டபோது கைதான தோழர்களின் விடுதலைக்காக ஒரு சிவில் உரிமை அமைப்பைத் தொடங்கியவரும் அவரே. கம்யூனிஸ்ட் தலைவர் ஜோதி பாசுவோடு அப்போது ஏற்பட்ட நெருக்கம் பிற்காலம்வரை நீடித்தது. 1967இல் அவர் இடதுசாரிகளின் ஆதரவோடு சுயேச்சையாக பர்த்வானில் வென்றார். அவர் 1971இல் இறந்தபின் மகன் அதே பர்த்வானில், அதே ஆதரவோடு, அதே சுயேச்சைப் பட்டத்தோடு நின்று ஜெயித்தார். மார்க்சிஸ்ட் கட்சிக்குள் சட்டர்ஜி வந்த வழி இது. அவர் பேச்சில் சட்டமும் நடைமுறை விதியும் முதலில் வருவதும் சித்தாந்தம் பிறகு வருவதும் இதனால்தான் என்று தோன்றுகிறது.

இந்து மகாசபைக்காரர் சிறையிலிருந்து மீட்க முயன்ற அந்தத் தோழர்களின் கூட்டத்தில் ஒருவர் குப்தா. தடைக்காலத்தில் தலைமறைவாக இருந்தார், சிறையும் கண்டார். அவரைத் தேடியது உள்துறை அமைச்சகம். 1996 ஜூனில் அந்த அமைச்சகத்துக்கே அவர் அமைச்சரானார். இந்தியாவின் முதல் கம்யூனிஸ்ட் உள்துறை அமைச்சர்.

அவர் அந்த நாற்காலிக்கு வந்த கதையிலேயே இரண்டு கட்சிகளின் வேறுபாடு இருக்கிறது. 1996 மே மாதம் ஐக்கிய முன்னணி பிரதமர் பதவியை ஜோதி பாசுவிடம் கொண்டுபோய்க் கொடுத்தது. 32 எம்.பி.க்கள் வைத்திருந்த மார்க்சிஸ்ட் கட்சியின் மத்தியக் குழு அதை மறுத்தது. அரசில் சேரவே கூடாது என்றது. 12 எம்.பி.க்கள் வைத்திருந்த இந்திய கம்யூனிஸ்ட் கட்சி சேர்ந்தது. குப்தாவுக்கு உள்துறை, சதுரானன் மிஸ்ராவுக்கு வேளாண்மை. பாசு அந்த மறுப்பை வரலாற்றுப் பிழை என்று பின்னர் சொன்னதை எல்லோரும் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். சின்னக் கட்சிக்கு இருந்த சுதந்திரத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இழப்பதற்கு மாநில அரசு எதுவும் கையில் இல்லாத கட்சி டெல்லியில் துணிந்து அடியெடுத்து வைக்கலாம். குப்தாவை பஸீர்ஹாட்டிலும் பிறகு மிட்னாபூரிலும் தேர்தலுக்குத் தேர்தல் சுமந்து கரைசேர்த்தது இடது முன்னணியின், அதாவது பெரும்பாலும் மார்க்சிஸ்ட் ஊழியர்களின் உழைப்பு என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தொகுதியை அண்ணன் கட்சி பார்த்துக்கொண்டது. அமைச்சர் பதவியில் தம்பி கட்சி உட்கார்ந்தது.

அமைச்சரான பிறகும் குப்தா குடியிருந்தது வெஸ்டர்ன் கோர்ட்டில்தான். ஜன்பத் சாலையில், எம்.பி.க்களும் விருந்தினர்களும் தங்கும் பழைய கட்டிடம். அங்கே அவருக்கு இரண்டு அறை. உள்துறை அமைச்சருக்கு ஒதுக்கப்படும் பெரிய பங்களாவுக்கு அவர் போகவில்லை. எளிமையைக் காட்சிக்கு வைக்கும் அரசியல்வாதிகளை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம்; இவர் விஷயத்தில் அது பழக்கம். அமைச்சராவதற்குப் பல ஆண்டு முன்பிருந்தே அந்த இடம்தான் வீடு, வேறிடத்துக்கு மாறக் காரணம் எதுவும் அவருக்குப் படவில்லை. அவ்வளவுதான்.

வேலை எளிதாக இல்லை. உத்தரப்பிரதேசம் குடியரசுத் தலைவர் ஆட்சியில் இருந்தபோது அங்கே சட்டம் ஒழுங்கு சீரழிந்து வருகிறது என்று அவையிலேயே சொல்லிவிட்டார். ஆளுநர் ரொமேஷ் பண்டாரியை அனுப்பியது அவரது அரசுதான்; மத்திய அரசின் பொறுப்பில் இருந்த மாநிலத்தைப் பற்றி மத்திய உள்துறை அமைச்சரே அப்படிச் சொன்னால் எதிர்க்கட்சிக்கு வேறென்ன வேண்டும்? அமைச்சர்கள் இப்படிப் பேசுவதில்லை. முப்பது ஆண்டுக்கு மேல் எதிர்வரிசையில் உட்கார்ந்து பழகிய நாக்கு, பக்கம் மாறிய பிறகும் பேச்சை மாற்றவில்லை. 1997 அக்டோபரில் அதே மாநிலத்தில் கல்யாண் சிங் அரசைக் கலைக்க பிரதமர் குஜ்ராலின் அமைச்சரவை பரிந்துரைத்தது. குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன் மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பினார், அமைச்சரவை கைவிட்டது. 1959இல் கேரளத்தில் இ.எம்.எஸ். தலைமையிலான கம்யூனிஸ்ட் அரசைக் கலைக்கப் பயன்பட்ட அதே 356ஆவது பிரிவு. அதைக் கண்டித்து வளர்ந்த கட்சியின் மூத்த தலைவர் உள்துறை அமைச்சராக இருக்கும்போது அந்தப் பரிந்துரை ராஷ்டிரபதி பவனுக்குப் போனது. குப்தாவைப் பாராட்டி எழுதுகிறவர்கள் வெஸ்டர்ன் கோர்ட் அறைகளோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இதையும் எழுத வேண்டும்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு அந்த 1997ஆம் ஆண்டின் நவம்பர் மறந்திருக்காது. ராஜீவ் காந்தி கொலை தொடர்பான ஜெயின் கமிஷனின் இடைக்கால அறிக்கை பத்திரிகையில் கசிந்தது, பிறகு நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. தி.மு.க. அமைச்சர்களை நீக்கு என்றது, வெளியிலிருந்து ஆதரவு தந்த காங்கிரஸ். ஐக்கிய முன்னணி மறுத்தது, அரசு போனது. கூட்டணிக் கட்சி ஒன்றைக் காவு கொடுத்துப் பதவியில் நீடிக்க வேண்டாம் என்ற அந்த முடிவில் உள்துறை அமைச்சரும் இருந்தார்.

இருவரும் ஒரே மேசையில் அமர்ந்து செய்த வேலை ஒன்று உண்டு. அது சரியாகக் கவனிக்கப்படவில்லை. தேர்தல் செலவை அரசே ஏற்பது பற்றி ஆராய 1998இல் வாஜ்பாய் அரசு ஒரு குழு அமைத்தது. தலைவர் குப்தா. உறுப்பினர்களில் சட்டர்ஜி, மன்மோகன் சிங், விஜய் குமார் மல்ஹோத்ரா, ராம் கோபால் யாதவ், அ.தி.மு.க.வின் ஆர். முத்தையா. பா.ஜ.க. அரசு அமைத்த குழுவுக்கு ஒரு கம்யூனிஸ்ட் தலைவர் என்பதே இன்று நம்பச் சிரமமாக இருக்கும். அரசு உதவி பணமாகத் தரப்படக் கூடாது, பொருளாகத்தான் தரப்பட வேண்டும் என்றது அறிக்கை. எரிபொருள், அச்சுத்தாள், ஒலிபெருக்கி, தொலைபேசி, வாக்காளர் பட்டியல் நகல் என்று இறங்கிப் பேசுகிறது. அங்கீகரிக்கப்பட்ட தேசிய, மாநிலக் கட்சிகளுக்கு மட்டும், சுயேச்சைகளுக்கு இல்லை. ஒரு வாக்காளருக்கு 10 ரூபாய் என்று கணக்கிட்டு மத்திய அரசு 600 கோடி ரூபாய், மாநிலங்கள் சேர்ந்து அதே அளவு.

சுயேச்சையாக நின்று அரசியலுக்கு வந்த சட்டர்ஜி, சுயேச்சைகளை ஒதுக்கும் அறிக்கையில் கையெழுத்திட்டிருக்கிறார். சுயேச்சை என்ற பட்டத்தின் உண்மை மதிப்பு அவரைவிட யாருக்குத் தெரியும்? கட்சிகள் தாங்களாகச் சேர்க்கும் பணத்தை என்ன செய்வது என்ற கேள்வியில் அறிக்கை தயங்குகிறது. அந்தத் தயக்கத்துக்குள்தான் பிறகு எல்லாம் நுழைந்தது. 2018இல் தேர்தல் பத்திரங்கள் வந்தன, 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அவற்றை ரத்து செய்தது. 600 கோடித் திட்டம் காகிதத்திலேயே இருக்கிறது.

இனி சட்டர்ஜியின் நாற்காலிக்கு வரலாம். 2004 ஜூன் 4 அன்று அவர் ஒருமனதாகச் சபாநாயகரானார். சோனியா காந்தி முன்மொழிந்தார். மார்க்சிஸ்ட் கட்சிக்கு அப்போது 43 உறுப்பினர்கள், காங்கிரஸ் கூட்டணி அரசுக்கு வெளியிலிருந்து ஆதரவு. அரசில் சேரமாட்டோம், சபாநாயகர் பதவியை மட்டும் ஏற்போம் என்றது கட்சி. 1996இல் இருந்த கொள்கையின் நீட்சிதான் அது, கொஞ்சம் நெளிந்து. சபாநாயகர் அமைச்சர் இல்லையே.

அவையை அவர் நடத்திய விதம் ஹெட்மாஸ்டர் தோரணை. கூச்சல் போட்டவர்களைப் பார்த்து, உங்களுக்குப் பொதுப் பணத்தில் ஒரு பைசா தரத் தகுதியில்லை என்று திட்டினார். 2009 பிப்ரவரியில், நீங்கள் எல்லோரும் தோற்றுப்போக வேண்டும் என்று சபித்தே விட்டார். குப்தா இப்படிக் கோபப்பட்டவர் அல்ல. புதிய மக்களவை கூடும்போது மூத்த உறுப்பினர் என்ற முறையில் தற்காலிக சபாநாயகராகப் பலமுறை அமர்ந்திருக்கிறார்; குரல் உயர்த்தாமல் வேலையை முடித்துவிட்டுத் தன் இருக்கைக்குப் போய்விடுவார். ஆனால் சட்டர்ஜியின் கோபத்துக்குப் பலனும் இருந்தது. கேள்வி கேட்கப் பணம் வாங்கியதாகக் கேமராவில் சிக்கிய உறுப்பினர்கள்மீது பவன் குமார் பன்சால் தலைமையில் குழு அமைத்து, 2005 டிசம்பர் 23 அன்று பத்து மக்களவை உறுப்பினர்களை அவை ஒரேயடியாக நீக்கியது. நீக்கத்தை எதிர்த்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அனுப்பிய நோட்டீஸை அவர் ஏற்கவில்லை. அவையின் அதிகாரம் அவையுடையது என்றார். 2007 ஜனவரியில் நீதிமன்றம் நீக்கம் செல்லும் என்றது, கூடவே அதை ஆராயும் அதிகாரம் தனக்கு உண்டு என்றும் சொல்லிவைத்தது. மக்களவைத் தொலைக்காட்சி 2006 ஜூலையில் தொடங்கியதும் அவர் காலத்தில்தான்.

அதே மாதம், இரண்டு ஆண்டு கழித்து, அந்தத் தொலைக்காட்சியில் நாடு பார்த்தது வேறு காட்சி. அமெரிக்காவுடனான அணுசக்தி ஒப்பந்தத்தை எதிர்த்து இடதுசாரிகள் 2008 ஜூலை தொடக்கத்தில் ஆதரவை விலக்கிக்கொண்டார்கள். குடியரசுத் தலைவரிடம் கொடுத்த எம்.பி.க்கள் பட்டியலில் சபாநாயகர் பெயரும் இருந்தது. கட்சியின் கணக்கு நேரடியானது. சபாநாயகருக்கு, ஓட்டுகள் சமமாகப் பிரிந்தால் தவிர, ஓட்டில்லை. பதவி விலகினால் அவர் சாதாரண உறுப்பினர். அரசுக்கு எதிராக ஓர் ஓட்டு. சட்டர்ஜி விலகவில்லை. நாற்காலி எந்தக் கட்சிக்கும் சொந்தமில்லை என்றார், பா.ஜ.க.வோடு சேர்ந்து ஓட்டுப் போடவும் அவருக்கு மனமில்லை. ஜூலை 22 பிற்பகல் மூன்று பா.ஜ.க. உறுப்பினர்கள் அவை நடுவே வந்து மேசைமேல் நோட்டுக் கட்டுகளை அடுக்கினார்கள். ஓட்டுப் போடாமல் இருக்க எங்களுக்குக் கொடுத்த லஞ்சம் இது, ஒரு கோடி என்றார்கள். அன்று இரவே நம்பிக்கை வாக்கெடுப்பு முடிந்தது: 275க்கு 256. மறுநாள் மார்க்சிஸ்ட் கட்சியின் அரசியல் தலைமைக்குழு அவரை நீக்கியது, வழக்கமான விசாரணை எதுவும் இல்லாமல்.

அரசு 19 ஓட்டில் பிழைத்தது. சட்டர்ஜி விலகி எதிர்த்து வாக்களித்திருந்தாலும் பிழைத்திருக்கும். எண்ணிக்கைக்கு அவர் தேவைப்படவில்லை. கட்சிக்குத் தேவைப்பட்டது கீழ்ப்படிதல்.

இங்கே எல்லோரும் சட்டர்ஜி பக்கம் சாய்வது எளிது. எனக்கு முழு ஒப்புதல் இல்லை. அவர் நாற்காலியின் நடுநிலையைப் பற்றிப் பேசினார். ஆனால் கட்சி அட்டையை நான்கு ஆண்டும் பையில் வைத்திருந்தார். 1967இல் சபாநாயகரான நீலம் சஞ்சீவ ரெட்டி உடனே காங்கிரஸிலிருந்து விலகினார். அப்போது கட்சித் தாவல் தடைச் சட்டம் கிடையாது. 1985இல் அந்தச் சட்டம் வந்து பத்தாவது அட்டவணை சேர்க்கப்பட்டபோது, அதன் 5ஆம் பத்தியில் இதற்கென்றே ஒரு கதவு வைத்தார்கள்: சபாநாயகராகத் தேர்ந்தெடுக்கப்படுபவர் தன் கட்சியிலிருந்து விலகலாம், அதனால் பதவி போகாது, பதவிக்காலம் முடிந்ததும் மீண்டும் சேரலாம். பாரிஸ்டரான சட்டர்ஜிக்கு இது தெரியாதிருக்க வழியில்லை. 2004 ஜூன் 4 அன்று அந்தக் கதவைத் திறந்திருந்தால், 2008 ஜூலையில் யாரும் அவர் பெயரை எந்தப் பட்டியலிலும் எழுதியிருக்க முடியாது. அன்று கட்சியும் அவரைத் தன்னிடமிருந்து விலகச் சொல்லவில்லை. தன் ஆள் நாற்காலியில் இருப்பது இரு தரப்புக்கும் வசதியாக இருந்தது, அந்த வசதி தீரும்வரை.

குப்தாவுக்கு இப்படி ஒரு நாள் வந்திருந்தால்? 1990 முதல் 1996 வரை கட்சியின் பொதுச் செயலாளரே அவர்தான். யார் அவருக்கு உத்தரவு போடுவது? அவருக்கு அந்த நாள் 1975இல், அவர் இன்னும் கட்சியின் உச்சிக்கு வராத காலத்தில் வந்தது. அவர் கட்சியோடு போனார். சட்டர்ஜியின் மறுப்பு நாடறிய, கேமரா முன் நடந்தது. பதிலுக்குக் கட்சி போனது, பெயர் நின்றது. குப்தாவின் இணக்கம் சத்தமில்லாமல் நடந்தது. மூன்று ஆண்டு அவை போனது, பிறகு அதை எல்லோரும் மறந்துவிட்டார்கள். ஐந்து முறை மிட்னாபூரில் வென்று, பதினோரு முறை உறுப்பினராகி, அவையின் தந்தை என்ற பெயரோடு அவர் இறந்தபோது, நெருக்கடி நிலை இரங்கல் குறிப்புகளில் ஒரு வரியாகக்கூட இருந்திருக்காது. இதில் யார் பெரியவர் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் கட்சிக் கட்டுப்பாட்டை மீறியதற்காக ஒருவரைக் கொண்டாடும்போது, மீறாததற்காக மற்றவரிடம் ஒரு கேள்வியாவது கேட்கத்தானே வேண்டும்.

சட்டர்ஜி 2009இல் தேர்தலில் நிற்கவில்லை. நினைத்திருந்தாலும் போல்பூரில் நின்றிருக்க முடியாது. தொகுதி மறுசீரமைப்பில் அது பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதியாகிவிட்டது. 2018 ஆகஸ்டில் அவர் இறந்தபோது உடல்மீது கட்சிக்கொடி போர்த்தக் குடும்பத்தார் சம்மதிக்கவில்லை. அவருக்குப் பிறகு மீரா குமார், சுமித்ரா மகாஜன், ஓம் பிர்லா என மூன்று பேர் அந்த நாற்காலியில் அமர்ந்துவிட்டார்கள். மூவருமே கட்சி உறுப்பினராக இருந்தபடியேதான் அமர்ந்தார்கள். பிர்லா சபாநாயகராக இருந்தபடியே 2024இல் கோட்டாவில் கட்சிச் சின்னத்தில் நின்று, வென்று, மறுபடி சபாநாயகரானார். பத்தாவது அட்டவணையின் 5ஆம் பத்தி அப்படியே புத்தகத்தில் இருக்கிறது.